மெயின்லேண்ட் என்ற கட்டம்

சோப்பு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு நான் சுற்றிய காலம் ஒன்று உண்டு.

தபால் வழியில் பொருளாதாரம் எம்.ஏ. முடித்துவிட்டு போர்ட் பிளேரில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். தொற்று வந்து பள்ளிகளை மூடிய பிறகு, மெயின்லேண்டிலிருந்து, அதாவது கடலுக்கு அந்தப் பக்கத்து இந்தியாவிலிருந்து, ஓர் ஆராய்ச்சிக் குழு இங்கே ஆய்வு நடத்த ஆள் தேடியது. நோய்க்குப் பயந்து மக்கள் என்னென்ன பழக்கங்களை மாற்றிக்கொள்கிறார்கள், பள்ளி மூடியதால் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகிறது, இரண்டுக்கும் வீட்டு வருமானத்துக்கும் என்ன தொடர்பு என்பதுதான் ஆய்வு. தமிழும் இந்தியும் பேசுகிற ஆள் வேண்டும் என்றார்கள். இங்கே பிறந்து வளர்ந்த யாருக்குத்தான் இந்தி தெரியாது? அப்பா அரசு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். எனக்கு வீட்டுக்குள் சிவகங்கைத் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி. என்னை எடுத்துக்கொண்டார்கள்.

முதல் சுற்று தொலைபேசியில் நடந்தது. ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். "போன ஏழு நாள்ல வெளிய போயிட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுனீங்களா?" என்று கேட்பேன். எல்லோரும் கழுவினார்கள். மீன் விற்கிறவர் கழுவினார், டாக்சி ஓட்டுகிறவர் கழுவினார், குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற தெருவில் குடியிருப்பவர்கள்கூட நாள் முழுக்கக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வரும். பொய் சொல்வது என்று முடிவெடுத்த பிறகு கொஞ்சம் நம்புகிற மாதிரிச் சொன்னால் என்ன?

அந்தச் சுற்றில்தான் ஊருக்குள்ளேயே மின்னி பே என்ற பகுதியில் ஒரு வீட்டை அழைத்தேன். எண் அந்த வீட்டு அம்மாவின் பெயரில் இருந்தது. எடுத்தது மகள். ஒன்பதாம் வகுப்பு, அவளுக்குக் கீழே இரண்டு தம்பிகள் என்று படிவம் சொன்னது. அம்மாவிடம் பேச வேண்டும் என்றேன்.

"அம்மா மீன் கழுவிட்டிருக்கு. நீங்க எங்கிட்டக் கேளுங்கக்கா, நான் கேட்டுச் சொல்றேன்."

சோப்புக் கேள்வியைக் கேட்டேன். அம்மாவிடம் கேட்காமலே பதில் வந்தது.

"கழுவுறோம்னு போட்டுக்கங்க. எல்லாரும் அதத்தானே சொல்லியிருப்பாங்க?"

"நெசமா கழுவுறீங்களா?"

"தண்ணி வர்ற அன்னைக்குக் கழுவுவோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சுற்று முழுவதிலும் நான் நம்பிய ஒரே பதில் அதுதான். ஆன்லைன் வகுப்புக்கு வீட்டில் எத்தனை போன் என்று கேட்டபோது, "இது ஒண்ணுதான்க்கா. இப்ப இதுல தம்பிக்குக் கணக்குக் கிளாஸ் நடக்கணும்" என்றாள். வைத்துவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம், பேசுங்க. அவனுக்கு எப்படியும் புரியாது. நான்தான் அப்புறம் உக்காந்து சொல்லிக் குடுக்கணும்" என்றாள். முடிக்கும்போது, ஸ்கூல் எப்போது திறப்பார்கள் என்று என்னிடம் கேட்டாள். நான் கேள்வி கேட்கிறவள், பதில் சொல்கிறவள் இல்லை என்றேன். கொஞ்சம் கடுப்பாகத்தான் சொன்னேன். அன்றைக்கு அது என்னுடைய ஒன்பதாவது அழைப்பு.

ஊரடங்கு தளர்ந்து நேரில் போகிற சுற்று வந்தது. அதற்கு முன் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி. மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த குழுத் தலைவர் சென்னைக்காரர், மரியாதையான மனிதர். கை கழுவுகிறார்களா என்று இந்த முறை வாயால் கேட்காதீர்கள், கண்ணால் பாருங்கள் என்றார். குழாயடிக்குப் போக வேண்டும். சோப்பு இருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா, காய்ந்து வெடித்துக் கிடக்கிறதா என்று குறிக்க வேண்டும். எனக்கு உயிர் வந்துவிட்டது.

அதே பயிற்சியில்தான் நான் எழுந்து நின்று ஒரு யோசனை சொன்னேன். படிவத்தில், குடும்பத்தில் ஒருவர் வீட்டில் இல்லையென்றால் வேறு மாவட்டமா, வேறு மாநிலமா, எதற்காகப் போனார், எப்போது திரும்புவார், அங்கே படிக்கிறாரா என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள் இருந்தன. "சார், இங்க யாரும் மாவட்டம், மாநிலம்னு சொல்ல மாட்டாங்க. மெயின்லேண்ட்னு ஒரே வார்த்தைதான். அதுக்குன்னு தனியா ஒரு கட்டம் வச்சிடுங்க" என்றேன். அவர் என்னைப் பாராட்டினார். உள்ளூர் ஆட்கள் இல்லாமல் இப்படிப்பட்ட விஷயம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். மறுநாளே டேப்லெட்டில் அந்தக் கட்டம் வந்துவிட்டது. அதைத் தொட்டால் அந்தப் பக்கத்துக் கேள்விகள் எல்லாவற்றையும் தாண்டி அடுத்த ஆளுக்குப் போய்விடும். கூட வேலை செய்த மற்ற பெண்கள் எனக்கு நன்றி சொன்னார்கள்.

இதை இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் மெயின்லேண்ட் போயிருக்கிறார் என்றால் நாங்கள் மேற்கொண்டு கேட்க மாட்டோம். ஆபரேஷனுக்குப் போயிருக்கலாம், சாவுக்குப் போயிருக்கலாம், மாப்பிள்ளை பார்க்கப் போயிருக்கலாம், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போயிருக்கலாம். கப்பல் டிக்கெட் கிடைக்கிறபோது திரும்புவார்கள். அதுவரைக்கும் "அச்சா, மெயின்லேண்டா" என்று தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போவதுதான் மரியாதை. எப்போது வருவார் என்று கேட்பவர் கடன்காரராகத்தான் இருப்பார்.

மின்னி பே வீட்டுக்கு நான் போனபோது அம்மா வாசலிலேயே நின்றார். பள்ளிகள் திறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. கணவர் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவர், அன்றைக்கும் சவாரி இல்லாமல் எங்கோ போயிருந்தார். பையன்கள் இருவரும் பள்ளிக்குப் போயிருந்தார்கள். மகள் எங்கே என்று கேட்டேன்.

"மெயின்லேண்ட் போயிருக்கா. அவங்க மாமா வீட்டுக்கு."

"அச்சா" என்றேன். கட்டத்தைத் தொட்டேன். அந்தக் குரலை இனிக் கேட்க முடியாது என்று ஒரு சின்ன வருத்தம் வந்தது, அவ்வளவுதான். பிறகு குழாயடியைப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே ஒரு பெண் துப்பட்டாவை மூக்குக்கு மேலே கட்டிக்கொண்டு துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து சோப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். துணி சோப்பு வேறு, கை சோப்பு வேறு என்பதால் அதையும் விசாரித்துக் குறித்தேன். படத்துக்கு வசதியாகக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன், அந்தப் பெண் தள்ளி நின்றாள். சோப்பைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்தச் சுற்றின் முடிவில், பள்ளிக்குத் திரும்பாத பிள்ளைகளின் பட்டியலை எங்கள் குழு அந்தந்தப் பள்ளிக்குக் கொடுத்தது. பெற்றோரிடம் முன்பே சம்மதம் வாங்கித்தான். 'வீட்டில் இருக்கிறார், பள்ளிக்குப் போகவில்லை' என்று வந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆசிரியர்கள் நேரில் போனார்கள். கூப்பிட்டு வந்து, விட்டுப்போன பாடங்களுக்குத் தனி வகுப்பு தொடங்கி, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு அனுப்பும் பட்டியலில் பெயர் சேர்த்தார்கள். 'மெயின்லேண்ட்' என்று வந்தவர்களின் வீடுகளுக்கு யாரும் போகவில்லை. தீவில் இல்லாத பிள்ளையைத் தேடிப் போய் என்ன செய்வது?

சில மாதங்கள் கழித்து, கடைசிச் சுற்றுக்காக, காட்டைத் தாண்டி வடக்கே இருக்கும் பாராடாங் தீவுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து திரும்பப் படகுத்துறைக்கு வந்தபோது, மறுகரைக்குப் போக வேண்டிய வண்டிகள் வரிசையில் நின்றன. டூரிஸ்டுகள் மறுபடி வர ஆரம்பித்திருந்தார்கள். ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, போனில் என் கூட வேலை செய்கிற பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு வீட்டில் சோப்பைப் பார்க்காமலே 'ஈரம்' என்று போட்டிருந்தாள். நன்றாகத் திட்டிவிட்டு வைத்தேன். டீ கொண்டுவந்த பெண் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, நீங்கதானே சர்வே அக்கா? போன்ல பேசுவீங்கள்ல?"

குரல் எனக்கும் தெரிந்தது. முகத்தைப் பார்த்தேன், முதல்முறை பார்க்கிற முகம்.

"நீ மெயின்லேண்ட்ல இருந்து எப்ப வந்த?" என்று கேட்டேன்.

"நான் எங்கயும் போகலையே. இது எங்க சித்தி கடை. சீசனுக்கு ஆள் வேணும்னு கூப்பிட்டாங்க, வந்துட்டேன்." கிளாஸை என் முன்னால் வைத்துவிட்டு, "அன்னைக்கு நீங்க வீட்டுக்கு வந்தப்ப நான் குழாயடிலதான் இருந்தேன். தள்ளி நிக்கச் சொன்னீங்க" என்றாள்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமான கேள்வி என்று தெரிந்தது.

"அம்மா சொன்னதுக்கு எதிரா நான் எப்படிக்கா சொல்றது? குரல வச்சு நீங்கதான்னு தெரிஞ்சுது. நீங்கதான் யாரு சொன்னாலும் நம்ப மாட்டீங்களே, நெசமா நெசமான்னு கேப்பீங்களே. எப்படியும் எழுதிருப்பீங்கன்னு நெனச்சேன்." பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "எங்க கிளாஸ்ல ஸ்கூலுக்கு வராதவங்க வீட்டுக்கு டீச்சர் வந்து கூப்பிட்டாங்களாம். எங்க வீட்டுக்கு வரல. பத்தாவதுக்கு வெள்ளிக்கிழமையோட பேரு அனுப்பிடுவாங்களாம். என் பேரு இருக்குமாக்கா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். வண்டிகளைப் படகில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். டீயைக் குடிக்காமலே எழுந்தேன். பழங்குடியினர் வாழும் காட்டு வழியில் போலீஸ் பாதுகாப்புடன் வரிசையாகப் போகும் வண்டிகளில் ஒன்றில் உட்கார்ந்து வருகிற வழி முழுக்க என் மேலேயே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் குழுத் தலைவரை அழைத்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"மேடம், அந்தச் சுற்று டேட்டா எல்லாம் மூடியாச்சு. ஒரு பொண்ணு மாறினா ரிசல்ட் எதுவும் மாறாது, கவலைப்படாதீங்க" என்றார்.

"ரிசல்டப் பத்தி நான் கேக்கல சார். ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் குடுக்கணும்."

"குடுங்க. தடுக்க மாட்டேன். ஆனா உங்க ஃபார்ம்ல ஒண்ணு தப்புன்னு எழுதிக் குடுத்தா, மத்ததையும் நான் சந்தேகப்பட்டுத்தான் ஆகணும். அடுத்த ஆய்வுக்கு உங்கள எடுக்கிறது கஷ்டம்" என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் மோசமாகச் சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை மின்னி பே போனேன். அம்மா என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டு உள்ளே கூப்பிட்டார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"ஏன்க்கா மெயின்லேண்ட்னு சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்றது? மூணு பேருக்கு ஒரு போனு. பயலுகளுக்குக் கிளாஸ் போயிடும்னு இவளேதான் விட்டுக் குடுத்தா. கடைசில இவளுக்குப் பாடம் ஒண்ணும் தெரியல. ஸ்கூலு திறந்ததும் நாலு நாள் போனா, ஒண்ணும் புரியல, அவமானமா இருக்குன்னு வந்து உக்காந்துட்டா. இவருக்கும் ஓட்டம் இல்ல. எந்தங்கச்சி கூப்பிட்டுச்சு, சரின்னுட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லாப் படிக்கிற புள்ளய டீக்கடைக்கு அனுப்பப் போறேன்னு உங்ககிட்ட எந்த வாயால சொல்லுவேன்? மெயின்லேண்டுன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க. நீங்களும் கேக்கல."

குற்றம்சாட்டுகிற மாதிரி அவர் அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். நான் திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுக்கும் ஆகவில்லை. தங்கைக்கு போன் போட்டு மகளை நாளைக் காலை முதல் வண்டியிலேயே அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். உடனே போட்டார். அங்கிருந்து பள்ளிக்கு நடந்தேன்.

பத்தாம் வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியை தெலுங்குக்காரர், இந்தியில்தான் பேசினார். பட்டியலை எடுத்துப் போட்டார். அடியில் என் கையெழுத்து இருந்தது. "இல்லை என்று நீங்கள்தான் எழுதினீர்கள், இருக்கிறாள் என்றும் நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்றார். எழுதினேன். மாணவி தீவிலேயே இருந்தாள், அவள் வெளியே போய்விட்டதாக நான் விசாரிக்காமல் குறித்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஆய்வு போனது போனதுதான் என்று அப்போதே தெரியும். வருத்தமாகத்தான் இருந்தது, அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஒன்பதாம் வகுப்பில் அவள் பெயர் பதிவாகியிருப்பதால் சேர்த்துவிடலாம், தனி வகுப்பில் இன்னும் பாதிக்கு மேல் நடக்க இருக்கிறது, ஆனால் அவளே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் ஆசிரியை.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். அம்மாவும் வந்தார். ஸ்டுடியோவில் படம் எடுத்து, விண்ணப்பம் நிரப்பி, ஆபீஸில் எங்களை உட்கார வைத்தபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. கிளார்க் மற்ற விண்ணப்பங்களை அடுக்கிக் கட்டத் தயாராக வைத்திருந்தார். அவளுடையது ஒன்றுதான் பாக்கி. கையெழுத்துப் போட்டாள். மகளின் பெயரை ரெஜிஸ்டரில் ஏற்றுவதை அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் செய்த தப்பை நானே சரிசெய்துவிட்டேன் என்ற நினைப்பில், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தவள், மேஜையில் கிடந்த என் பட்டியலைக் குனிந்து படித்தாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள்.

"அக்கா, இவளுக்கும் மெயின்லேண்ட்னு போட்டிருக்கு?"

"ஆமா."

"இவ போகலையே. பெரார்கஞ்ச்ல அவங்க பெரியம்மா வீட்டுல இருக்கா. பாக்கு உரிக்கப் போயிட்டிருக்கா. எங்கூடத்தான் பெஞ்சுல உக்காருவா."

ஆசிரியை பட்டியலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதில் அதே கட்டத்தைத் தொட்டுக் குறித்த பெயர்கள் இன்னும் இருந்தன. "இவர்கள் எல்லோருமே இப்படித்தானா?" என்று இந்தியில் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அதைத் தவிர வேறு உண்மை என்னிடம் இல்லை. கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஆசிரியையைப் பார்த்தார், விண்ணப்பக் கட்டுக்கு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். பெரார்கஞ்ச் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போனேன். பாக்குக் கொட்டகையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவள் சாக்கின் மேல் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். பொதுத்தேர்வு என்று சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். மடியிலிருந்த தூசியைத் தட்டினாள். பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று இரண்டு எட்டு வைத்தவள் திரும்பி நின்றாள்.

"எப்ப வரணும்க்கா?"

"நேத்து" என்றேன்.